ஹெட்டைச் சீவலாமா, போர்ட்டைத் தூக்கலாமா? இன்ஜின் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் இரண்டு வண்டிகளையே சுற்றி வருகின்றன. ஒன்று ஸ்ப்ளெண்டர், நாலு ஸ்ட்ரோக், 97.2 சிசி. இன்னொன்று யமஹா ஆர்எக்ஸ் 100, ரெண்டு ஸ்ட்ரோக், 98 சிசி. இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ. தான். அதனால் கீழே வரும் சில கணக்குகள் இரண்டு வண்டிக்காரர்களுக்கும் பயன்படும்.

கேள்வி (திண்டுக்கல்): 2009 மாடல் ஸ்ப்ளெண்டர், 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. புல்லிங் சுத்தமாக இல்லை. இரண்டு பேர் ஏறினால் சின்ன மேட்டுக்கே செகண்ட் கியர் கேட்கிறது. பெரிய கார்புரேட்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

இப்போது வேண்டாம். கம்பெனி கொடுத்த ஏழரை பிஎச்பியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்த இன்ஜினில் எந்தப் புதுப் பொருளை மாட்டினாலும் காசுதான் போகும்.

இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிளக்கைக் கழற்றி, கேபிளோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் எர்த் ஆகும்படி வையுங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகியபடி ஏழெட்டு கிக் அடியுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் அடித்தால் காற்று உள்ளே போகாது, அளவு பொய் சொல்லும். கேஜ் 10 கிலோவுக்கு மேல் காட்டினால் பயமில்லை. 8க்குக் கீழே நின்றால் பிளக் துளை வழியே ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலும் போரிலும். ஏறவே இல்லையென்றால் வால்வில்.

வால்வு என்று தெரிந்தால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) இறக்கி, போர்ட் (வாயு போய்வரும் துளை) மேலே பார்க்கும்படி பிடித்து, உள்ளே பெட்ரோல் ஊற்றி வையுங்கள். வால்வு விளிம்பில் ஒரு நிமிடத்துக்குள் ஈரம் கசிந்தால் லேப்பிங், அதாவது வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தும் வேலை, செய்தே ஆக வேண்டும். டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சத்தம் வரக்கூடாது என்று இறுக்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது தவறு. லூசான டேப்பெட் சத்தம் போடும், அவ்வளவுதான். டைட்டான டேப்பெட்டில் வால்வு சூடானதும் நீண்டு, சீட்டில் உட்காராமல் நின்று, விளிம்பு கருகிவிடும். மேனுவலில் உள்ள அளவை ஃபீலர் கேஜ் வைத்து, லேசாக உரசும் அளவுக்கு அமையுங்கள்.

ஸ்ப்ளெண்டரில் பலரும் திறந்தே பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. வலது பக்க கிளட்ச் கவருக்குள், கிராங்க் முனையில் சுழலும் ஆயில் ஃபில்டர். அழுக்கு அதன் உள்சுவரில் களியாக அப்பிக்கொள்ளும். அது நிறைந்தால் அழுக்கு ஆயில் மேலே, வால்வைத் திறக்கும் கேமுக்கும் ராக்கருக்கும் போகும். கேம் லோப்பின் முனை தேயும், வால்வு திறக்கும் உயரம் குறையும். கம்ப்ரஷன் சரியாக இருந்தும் மேல் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்காததற்கு இது ஒரு காரணம். ஹெட் இறக்கும்போது லோப்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் தட்டுப்பட்டால் கேமையும் ராக்கரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

கடைசியாக, நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப். பின் பிரேக் உரசுகிறதா, செயின் சுமார் 25 மி.மீ. ஆட்டத்தோடு இருக்கிறதா, டயரில் காற்று சரியா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் சரியான பிறகும் குறை இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஸ்ப்ளெண்டர் ஹெட்டை லேத்தில் 1 மி.மீ. சீவினால் பிக்கப் பறக்கும் என்கிறார் ஒரு மெக்கானிக். உண்மையா?

கம்ப்ரஷன் கூடினால் சக்தி கூடும் என்பது உண்மை. 1 மி.மீ. என்பது கணக்குப் போடாமல் சொன்ன அளவு.

50 மி.மீ. போரின் பரப்பு 1,963 சதுர மி.மீ. எனவே ஒவ்வொரு 0.1 மி.மீ. சீவலுக்கும் மேலறையில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேல் மிஞ்சும் இடம்) சுமார் 0.2 சிசி குறைகிறது. உங்கள் ஹெட்டின் கம்ப்ரஷன் விகிதம் 9க்கு 1 என்று வைத்துக்கொண்டால் மேலறை அளவு 97.2 ÷ 8, அதாவது 12.15 சிசி. 0.3 மி.மீ. எடுத்தால் விகிதம் 9.4 ஆகும். 0.5 எடுத்தால் 9.7. 1 மி.மீ. எடுத்தால் 10.5. காற்றில் ஆறும் இந்தச் சின்ன இன்ஜின் சாதாரண பெட்ரோலில், சித்திரை வெயிலில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 10.5ல் தட்டாமல் (நாக்கிங் இல்லாமல்) ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. பிஸ்டன் உச்சிக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியும் அதே 1 மி.மீ. குறைந்திருக்கும்.

மெக்கானிக்குகள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொன்று கேம் டைமிங். ஹெட் கீழே இறங்கும்போது கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் குறைகிறது. செயினின் இழுபக்கத்தில் அந்த நீளம் மிச்சமாவதால் கேம் பின்தங்கும். 0.5 மி.மீ. சீவினால் கிராங்க் கணக்கில் சுமார் 2 டிகிரி தாமதம். ஏற்கெனவே நீண்டுபோன செயினும் அதே பக்கம்தான் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கீழ் ஆர்பிஎம் புல்லிங் குறைந்து, ஹெட் சீவியதே வீண் என்று தோன்றும். ஆகவே சீவுவதாக இருந்தால் டைமிங் செயினையும் டென்ஷனர் ரோலர்களையும் புதிதாகப் போடுங்கள்.

எங்கள் பரிந்துரை 0.3 மி.மீ., அதிகபட்சம் 0.4. லேத்துக்குக் கொடுக்கும் முன் ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்த ஹெட்டை நேராக்கவே 0.1 போய்விடும், அதையும் இந்த 0.3க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலறையில் உள்ள கரியைச் சுரண்டி, சீவிய பிறகு வரும் கூர் விளிம்பை நைஸ் எமரி தாளால் மழுக்குங்கள். கூர்மையாக விட்டால் அந்த விளிம்பு பழுத்து, பிளக் பொறி விழும் முன்பே பெட்ரோலைக் கொளுத்தும்.

கேள்வி (மதுரை): 1994 மாடல் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். இன்ஜின் கம்பெனி நிலையிலேயே இருக்கிறது. போர்ட் செய்து (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகளை வெட்டிப் பெரிதாக்கி) எக்ஸ்பான்ஷன் சேம்பர் (கூம்பு வடிவ சைலன்சர்) போட ஆசை. தினம் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான். எதில் தொடங்குவது? எவ்வளவு வெட்டலாம்?

கம்பெனி நிலையில் இந்த இன்ஜின் 7,500 ஆர்பிஎம்மில் 11 பிஎச்பி தரும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் போர்ட்டின் உயரம்தான் சக்தி எந்த ஆர்பிஎம்மில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேலே கூட்டுவதற்கு விலை கீழே. எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தூக்கினால் 8,000க்கு மேல் பாயும், 4,000ல் சோர்ந்துபோகும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வேலைக்கு அது தினசரித் தொல்லை. அதனால் உங்களுக்கு ஒரு வரிசை சொல்கிறோம். போர்ட் உயரத்தைத் தொடாமலேயே கணிசமான பலன் எடுக்கலாம்.

முதல் வேலை காற்றுக் கசிவு சோதனை. இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக 0.4 கிலோ அழுத்தம் ஏற்றி, ஐந்து நிமிடம் நிற்கிறதா பாருங்கள். இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கண்டுபிடியுங்கள். மேக்னட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க ஆயில் சீல் போயிருந்தால் இன்ஜின் காற்றை உறிஞ்சி, கலவை மெலிந்து, பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை கக்கும், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வரும். முப்பது வருடத்து சீலோடு இன்ஜினை டியூன் செய்வது பிஸ்டனைக் காவு கொடுப்பதற்குச் சமம். கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராட் ஆட்டத்தையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. 1.5 மி.மீ. பற்றாசுக் கம்பியை வளைத்து பிளக் துளை வழியே நுழைத்து, முனை போர் சுவரைத் தொடும்படி பிடித்து, கிராங்கை உச்சியைத் தாண்டிச் சுற்றுங்கள். கம்பி, பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஆணி) நீளும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு தப்பும். இரு பக்கமும் எடுத்து, நசுங்கிய முனையை வெர்னியரில் அளந்து பாருங்கள். தினசரி வண்டிக்கு 0.9 முதல் 1.0 மி.மீ. நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால் ஹெட்டை அந்த அளவுக்கு மட்டும் சீவலாம். 0.7க்குக் கீழே போகாதீர்கள். அதிக ஆர்பிஎம்மில் ராட் நீள்வதும் பேரிங் ஆட்டமும் சேர்ந்து பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்.

மூன்றாவது வேலைக்குக் கையும் கண்ணும்தான் முதலீடு. சிலிண்டர் அடிப்பகுதியில், புது வாயுவை மேலே கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் பாதைகளும் கிராங்க் கேஸ் வாயும் அச்சாகப் பொருந்துவதில்லை. வார்ப்பில் படி விட்டிருக்கும். பேஸ் கேஸ்கெட்டை அச்சாக வைத்துக் கோடு கிழித்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதிலிருந்து விழும் அலுமினியத் தூள் கிராங்க் பேரிங்குக்குள் போகவே கூடாது. கிராங்க் கேஸைப் பிரித்து வைத்துச் செய்வது உத்தமம்.

இனி போர்ட் உயரம். இருப்பதை அளக்காமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் வெள்ளைத்தாளைச் சுருட்டி ஒட்ட வைத்து, பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எல்லாப் போர்ட்டும் தாளில் பதியும். அதுதான் உங்கள் வரைபடம், பத்திரப்படுத்துங்கள். மேக்னட் முனையில் டிகிரி தட்டை மாட்டி, எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து மூடும் வரை எத்தனை டிகிரி, டிரான்ஸ்ஃபருக்கு எத்தனை என்று எழுதுங்கள். உச்சியைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். பிளக் துளையில் ஒரு தடுப்பு போல்ட் போட்டு, இரு பக்கமும் பிஸ்டன் முட்டும் டிகிரிகளைக் குறித்து, நடுவைத் துல்லியமான உச்சியாக எடுங்கள்.

இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ. தான். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை 1 மி.மீ. தூக்கினால் மொத்தம் நாலரை டிகிரி அளவுக்குக் கூடும். சாலை வண்டிக்கு எக்ஸாஸ்ட் 180 டிகிரிக்குள் இருக்கட்டும். 190க்கு மேல் போனால் பந்தயத் தடத்துக்குத்தான் ஆகும். டிரான்ஸ்ஃபர் 120 முதல் 124. எக்ஸாஸ்ட் 180, டிரான்ஸ்ஃபர் 122 என்றால் வித்தியாசத்தில் பாதி 29 டிகிரி. எரிந்த வாயு வெளியேற, புது வாயு வருமுன் கிடைக்கும் அவகாசம் இதுவே. 25க்குக் குறைந்தால் எரிந்த வாயு டிரான்ஸ்ஃபருக்குள் திரும்பி அடிக்கும்.

கார்பைடு பர் போட்ட சின்ன கிரைண்டரால் 0.3 மி.மீ. எடுப்பது, அளப்பது, மறுபடி 0.3 எடுப்பது என்று போங்கள். வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது. அகலத்திலும் எல்லை உண்டு. ஒற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டின் நேர் அகலம் போரில் 65 சதவீதம், அதாவது 32 மி.மீ. பக்கம் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் சிக்கி உடையும். ரிங்கின் வாய் நிற்கும் சின்ன ஆணி எந்தப் போர்ட்டின் மேலும் வரவே கூடாது. மேல்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் லேசான வளைவாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் எல்லா விளிம்பையும் அரை மி.மீ. அளவுக்கு மழுக்கி, ஹோனிங் செய்து, சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்த கையோடு ஆயில் தடவுங்கள். இரும்பு ஸ்லீவ் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். போர்ட்டை 1 மி.மீ. தூக்கும்போது, அடைபட்டு அழுத்தப்படும் வாயுவில் கிட்டத்தட்ட 2 சிசி குறைகிறது. உண்மையான கம்ப்ரஷன் விழுகிறது. போர்ட் செய்த பிறகு வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது என்று வரும் புகார்களில் ஒரு காரணம் இதுதான். போர்ட்டையும் ஹெட்டையும் ஒரே கணக்கில் செய்ய வேண்டும். அதனால்தான் ஸ்குவிஷை இறுதியாக அமைப்பதை போர்ட் வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சேம்பர் வாங்கும்போது அழகைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள். பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்புள்ளி வரை உள்ள நீளம் மி.மீ. கணக்கில் இப்படி வரும்: எக்ஸாஸ்ட் டிகிரியை 42,545ஆல் பெருக்கி, நீங்கள் விரும்பும் ஆர்பிஎம்மால் வகுக்க வேண்டும். 180 டிகிரிக்கும் 8,500 ஆர்பிஎம்முக்கும் 901 மி.மீ. வருகிறது. ஹெடர் குழாயில் (இன்ஜினிலிருந்து வரும் முதல் குழாய்) 25 மி.மீ. கூட்டினால் சக்தி உச்சம் சுமார் 230 ஆர்பிஎம் கீழே இறங்கும். தினசரி வண்டிக்காரருக்கு இது நல்ல வசதி. முதலில் நீளமாக வைத்துப் பார்த்துவிட்டு வெட்டலாம். கடைசி வால் குழாயின் உள்விட்டம் ஹெடர் விட்டத்தில் 0.6 பங்கு இருக்கட்டும். சத்தம் குறைய அதைச் சிறிதாக்கினால் சூடு உள்ளேயே தங்கி பிஸ்டன் நடுவில் ஓட்டை விழும்.

சேம்பர் மாட்டிய அன்றே மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) பத்து சதவீதம் பெரிதாக்கி, பெட்ரோல் மிகையான பக்கத்திலிருந்து இறங்கி வாருங்கள். ஆயில் பம்ப்பைக் கழற்றிப் போடும் பழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. அது ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஆயில் கொடுக்கிறது. கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி நல்ல ரெண்டு ஸ்ட்ரோக் ஆயில், ஒரு தடவைகூடத் தவறாமல். பெட்ரோல் பங்கில் கண்ணளவு ஊற்றுவதில் எத்தனையோ சிலிண்டர்கள் போயிருக்கின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு ஓபன் ஃபில்டர் மாட்டினேன். பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் திருகினால் அடைக்கிறது. என்ன செய்ய?

ஓடும்போது அடைக்கும் இடத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் அதிகமாகப் போகிறது. உங்கள் விஷயத்தில் முதலாவதாகத்தான் இருக்கும்.

கால்வாசி திருகல் வரை பைலட் ஜெட், அங்கிருந்து முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். பாதியில் தொடங்குகிறது என்கிறீர்கள். ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், ஊசி மேலே ஏறும். பிறகு மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுங்கள். கெய்ஹின் ஜெட்டில் எண் என்பது துளையின் விட்டம்: 75 என்றால் 0.75 மி.மீ. 75லிருந்து 78க்குப் போனால் துளையின் பரப்பு 8 சதவீதம் கூடும். மிக்குனி அறுகோண ஜெட்டில் எண் என்பது ஓட்ட அளவு. ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குடையவும் வேண்டாம்.

இ20 பெட்ரோலும் இதில் சேர்ந்துகொள்கிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று கேட்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்தது சுமார் 13.5 தான் கேட்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றாமலே கலவை மெலிந்திருக்கிறது. அதன் மேல் ஓபன் ஃபில்டர் என்பது இரட்டை மெலிவு.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம்: பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அது தூசியை மட்டும் தடுப்பதில்லை; காற்றின் துடிப்பைச் சீராக்கி, நடு ஆர்பிஎம்மில் இழுவை கொடுப்பதும் அதுதான். மணல் லாரி ஓடும் சாலையில் மலிவான ஓபன் ஃபில்டர் ரிங்கை அரைத்துவிடும்.

கேள்வி (சேலம்): ஸ்ப்ளெண்டருக்குப் பெரிய கார்புரேட்டர் எத்தனை மி.மீ. வரை போடலாம்?

தொண்டை விட்டத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. இன்ஜின் அளவை லிட்டரிலும், உச்ச சக்தி வரும் ஆர்பிஎம்மையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, சாலை வண்டிக்கு 0.65ஆல் பெருக்க வேண்டும். 0.0972 × 8,000 = 778; வர்க்கமூலம் 27.9, விடை 18 மி.மீ. 20க்கு மேல் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழுந்து, பெட்ரோல் பொடியாகாமல் துளியாகப் போகும். ஐட்லிங் நிற்காது, மைலேஜ் போகும். வால்வும் கேமும் பழையபடியே இருக்கும்போது கார்புரேட்டரின் வாயை மட்டும் அகலப்படுத்திப் பலன் இல்லை.

கேள்வி (ஓசூர்): முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் கூட்டினால் டாப் ஸ்பீட் கூடுமா?

கூடாது, பெரும்பாலும் குறையும். 14 பல்லை 15 ஆக்கினால் அதே ஆர்பிஎம்முக்கு வேகம் 7 சதவீதம் கூட வேண்டும். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் கன அளவில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதால், 7 சதவீத வேகத்துக்கு 23 சதவீதம் அதிக சக்தி வேண்டும். அது இன்ஜினில் இல்லை. நாலாவது கியரில் ஆர்பிஎம் ஏறாமல் நின்றுவிடும். சமதளத்தில் 50–60ல் ஓட்டுபவருக்கு இன்ஜின் அமைதியாக ஓடும் என்பது மட்டுமே லாபம். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி ஏற்றங்களில் சுமையோடு போகிறவர்கள் ஒரு பல் குறைத்து 13 போட்டுப் பார்க்கலாம். செலவு குறைந்த, பிடிக்காவிட்டால் அரை மணியில் பழையபடி ஆக்கிவிடக்கூடிய ஒரே மாற்றம் இதுதான். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அது காட்டும் வேகம் மாறாது.

கேள்வி (விழுப்புரம்): மேக்னட்டைக் கடைந்து எடை குறைத்தால் ஆர்பிஎம் சீக்கிரம் ஏறுமாமே?

நின்ற இடத்தில் முறுக்கும்போது ஏறும். சாலையில் முதல் கியரில் கிளம்பும்போது அந்த எடைதான் இன்ஜினை அணையாமல் காக்கிறது. கடைந்த மேக்னட் அதிக ஆர்பிஎம்மில் விரிசல் விட்டால் கால் பக்கத்தில் சிதறும். செய்ய வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஸ்ப்ளெண்டரில் 125 சிசி அளவுக்கு போர் கிட் போடலாமா? ஆர்டிஓ தொல்லை வருமா?

முறையான ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் 1.00 வரை வருகிறது. கடைசி அளவான 51 மி.மீ. போட்டாலும் இன்ஜின் 101 சிசி. நான்கு சதவீதம்தான் கூடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஸ்லீவை மாற்றி, கிராங்க் கேஸ் வாயையும் கடைய வேண்டும். ஸ்லீவ் சுவர் மெலியும், சூடு கலையாது, கிராங்கின் பேலன்ஸ் பழைய பிஸ்டன் எடைக்குச் செய்தது என்பதால் அதிர்வு கூடும், கிளட்ச்சும் தாங்காது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. ஒலி, புகை வரம்பைத் தாண்டினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். வேகத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் உங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைத் தடமும் இருக்கிறது. மாற்றிய இன்ஜினை அங்கே ஓட்டுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் மட்டும் மாற்றினால் ஜெட் பிரச்சினை வராதுதானே?

ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு (வண்டியின் இன்ஜின் கணினி) திருத்திக்கொள்வது மிதமான ஓட்டத்தில்தான். முழுத் திருகலில் அது ஏற்கெனவே எழுதி வைத்த கணக்கில் போகும். அங்கே கலவை மெலியும். சென்சார் துளையில்லாத சைலன்சரை மாட்டினால் இன்ஜின் விளக்கு எரியும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது புகை விதியை மீறுவதாகும்.

கேள்வி (நாகர்கோவில்): ஆர்எக்ஸ் 100க்கு போர் செய்து புது பிஸ்டன் போட்டு முன்னூறு கிலோமீட்டரில் சீஸ் ஆகி, பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது. லேத்காரர் பிஸ்டனைக் குறை சொல்கிறார், பிஸ்டன் விற்றவர் லேத்தைக் குறை சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பிஸ்டனையே பாருங்கள், அது சொல்லும். கீறல் நான்கு மூலையிலும் சமமாக இருந்தால் இடைவெளி போதவில்லை, அல்லது இன்ஜின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வழித்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட், காற்றுக் கசிவு, ஆயில் பம்ப் மூன்றையும் பாருங்கள். உச்சியின் ஓரம் மணல் அடித்தது போல் பொடிப்பொடியாகக் குழிந்திருந்தால் நாக்கிங்: பிளக் பொறி விழும் டைமிங் முந்தியிருக்கிறது, அல்லது ஹெட்டை அதிகம் சீவியிருக்கிறார்கள்.

அடுத்த முறை பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்துக்குக் கொண்டுபோய், அதன் அளவுக்குப் போர் செய்யச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிப் போர் செய்யக் கூடாது. பிஸ்டனை அதன் பாவாடையின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பகுதி) அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்குத் திசையில் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். போரை போர் கேஜில் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். 50 மி.மீ. வார்ப்புப் பிஸ்டனுக்கு இடைவெளி 0.04 மி.மீ. பக்கம் வையுங்கள். ரிங்கைத் தனியாகப் போருக்குள் இறக்கி, பிஸ்டனால் தள்ளி நேராக நிறுத்தி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள், 0.2 மி.மீ. நல்ல அளவு. ஹெட் நட்டுகளைக் குறுக்காக, மூன்று சுற்றில் முடுக்குங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகாமல், முறுக்குவதும் விடுவதுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, சிலிண்டர் துடுப்பைத் தொட்டால் சூடு தெரிந்த பிறகு கிளம்புங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்காதீர்கள். பெட்ரோலோடு சேர்த்து ஆயிலும் குறைந்துவிடும். நடுநடுவே லேசாகத் திருகி விடுங்கள், அல்லது கிளட்ச்சைப் பிடித்து இறங்குங்கள்.